அமீரகத் தனியார் பள்ளியின் பணி அழைப்பை எடைபோடுவது எப்படி: தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

துபாய், ஷார்ஜா, அபுதாபி ஆகிய இடங்களில் உள்ள சி.பி.எஸ்.இ. பள்ளிகளின் கல்வியாண்டு, நம் ஊரைப் போலவே ஏப்ரலில் தொடங்குகிறது. எனவே ஆண்டின் முதல் மூன்று மாதங்களில், தமிழ்நாட்டுத் தனியார் பள்ளிகளில் பணிபுரியும் ஆசிரியர்கள் பலருக்கு இணையவழி நேர்காணலும் அதைத் தொடர்ந்து ஒரு பணி அழைப்புக் கடிதமும் வந்து சேர்கின்றன. பிரிட்டிஷ், அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளிகள் ஆகஸ்ட் இறுதியில் தொடங்குவதால் அவற்றின் அழைப்புகள் சற்றுப் பின்னால் வரும். கடிதத்தைப் பிரித்தவுடன் மாதச் சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்ப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அந்தத் தொகை கடைசியாகப் பார்க்க வேண்டியது என்பதே என் உறுதியான கருத்து. அழைப்பை யார் தருகிறார்கள், எந்த ஆவணத்தில் தருகிறார்கள், அந்த வேலை முடியும் நாளில் உங்கள் கையில் என்ன இருக்கும் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகுதான் சம்பளத் தொகைக்குப் பொருள் உண்டு.

முதல் படி: அழைப்பு உண்மையானதா?

பெயர் பெற்ற பள்ளிகளின் சின்னத்தை அச்சிட்டுப் போலிக் கடிதம் அனுப்பி, விசாக் கட்டணம், மருத்துவப் பரிசோதனைக் கட்டணம், சான்றிதழ் சரிபார்ப்புக் கட்டணம் என்று பணம் பறிப்பது நெடுங்காலமாக நடந்து வருகிறது. கடிதம் வந்த மின்னஞ்சல் முகவரி பள்ளியின் அதிகாரப்பூர்வ இணையதளப் பெயரில் முடிகிறதா என்று பாருங்கள். கடிதத்தில் அச்சிட்ட எண்ணை நம்பாமல், பள்ளியின் இணையதளத்தில் உள்ள தொலைபேசி எண்ணை நீங்களே எடுத்து அழைத்து, மனிதவளப் பிரிவில் உங்கள் பெயரைச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வகுப்பெடுத்துக் காட்டச் சொல்லாமல், பாடத்தில் ஒரு கேள்விகூடக் கேட்காமல் வேலை தரும் பள்ளியை நம்பத் தேவையில்லை.

பணம் தொடர்பான சட்டம் இரண்டு பக்கமும் தெளிவாக இருக்கிறது. அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டம், ஆளெடுப்புச் செலவைத் தொழிலாளியிடமிருந்து நேரடியாகவோ மறைமுகமாகவோ வசூலிக்கக் கூடாது என்று வேலை கொடுப்பவரைத் தடுக்கிறது. இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர், 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதன் மீதான ஜி.எஸ்.டி.யும்தான். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று கேட்பவர் எவ்வளவு கனிவாகப் பேசினாலும் சட்டத்துக்கு வெளியே நிற்பவர். முகவரின் பதிவை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகமும், 1978 முதல் இயங்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கின்றன. பத்தாம் வகுப்புத் தேறியவர்களுக்குக் குடிபெயர்வு அனுமதி முத்திரை தேவைப்படாது என்பதால், ஆசிரியர்கள் எந்த அரசு அலுவலகத்தின் கண்ணிலும் படாமலே கிளம்பிவிட முடிகிறது. ஆகவே இந்தச் சரிபார்ப்பை நீங்களேதான் செய்துகொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: பள்ளியைப் படியுங்கள்

இதில் அமீரகத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. தனியார் பள்ளிகளை அரசு ஆய்வு செய்து அறிக்கையைப் பொதுவெளியில் வைக்கிறது. துபாயில் கே.எச்.டி.ஏ. என்னும் ஆணையமும், அபுதாபியில் அடெக் என்னும் கல்வித் துறையும், ஷார்ஜாவில் எஸ்.பி.இ.ஏ. என்னும் தனியார் கல்வி ஆணையமும் இதைச் செய்கின்றன. மிகச் சிறப்பு, மிக நன்று, நன்று, ஏற்கத்தக்கது, பலவீனம், மிகப் பலவீனம் என்று தரம் பிரிக்கிறார்கள். பலரும் அந்த ஒற்றைச் சொல்லைப் பார்த்துவிட்டு அறிக்கையை மூடிவிடுகிறார்கள்.

துபாய் அறிக்கைகளின் தொடக்கப் பக்கங்களில் பள்ளியைப் பற்றிய விவரக் கட்டம் ஒன்று இருக்கும். மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர், ஆசிரியர்களில் பெரும்பான்மையோர் எந்த நாட்டினர் என்பவற்றோடு, ஓராண்டில் எத்தனை விழுக்காடு ஆசிரியர்கள் வெளியேறினார்கள் என்பதும் அதில் இருக்கும். நீங்கள் தேட வேண்டியது அந்த வெளியேற்ற விழுக்காட்டைத்தான். அடுத்தடுத்த அறிக்கைகளில் அது மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே நிற்கிறது என்றால், சம்பளமோ பணிச்சுமையோ நிர்வாகமோ ஏதோ ஒன்று ஆசிரியர்களை வெளியே தள்ளுகிறது என்று பொருள். புதிய பள்ளியில் இந்த விகிதம் கூடுதலாக இருப்பது இயல்பு. இருபது ஆண்டுப் பழமையான பள்ளியில் அப்படி இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். அறிக்கை எந்த ஆண்டினது என்பதையும் பாருங்கள். முதல்வர் மாறினால் பள்ளியே மாறிவிடும்.

அடுத்து, மாணவர் கட்டணம். துபாய்ப் பள்ளிகளின் வகுப்புவாரிக் கட்டணம் ஆணையத்தின் தளத்திலேயே வெளியிடப்படுகிறது. தனியார் பள்ளியின் வருமானம் கட்டணத்திலிருந்தே வருகிறது என்பதால், குறைந்த கட்டணப் பள்ளி ஒன்று உயர்ந்த சம்பளத்தை வாய்மொழியாக உறுதியளித்தால் அந்தக் கணக்கு எப்படிப் பொருந்துகிறது என்று நீங்கள் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

மூன்றாம் படி: எந்தத் தாளில் கையெழுத்திடுகிறீர்கள்?

பள்ளி தன் தாளில் அனுப்பும் கடிதம் வேறு. அமீரகத்தின் மனிதவள அமைச்சகத்தின் வடிவத்தில் வரும் பணி அழைப்பு வேறு. இரண்டாவதுதான் உங்களைக் காக்கும். வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கும் முன்பே இந்த அமைச்சகப் படிவத்தில் உங்கள் கையெழுத்தைப் பெற வேண்டும் என்பது 2016 தொடக்கத்திலிருந்து நடைமுறையில் உள்ள விதி. பின்னர் பதிவாகும் ஒப்பந்தம் அந்தப் படிவத்தோடு ஒத்துப்போக வேண்டும். உங்களுக்குப் பாதகமாக அதில் எதையும் மாற்றக் கூடாது. அரபியும் ஆங்கிலமும் தவிர மூன்றாவதாகத் தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் படிவத்தைத் தருவதற்கு ஏற்பாடு உண்டு. அந்த மொழிகளின் பட்டியலில் தமிழும் இருக்கிறது. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தாலும் தமிழ்ப் பிரதியைக் கேட்டுப் பெறுங்கள். விடுப்பு, முன்னறிவிப்பு, தகுதிகாண் காலம் போன்றவற்றைத் தாய்மொழியில் படிக்கும்போது கண்ணில் படும் ஓட்டைகள் ஆங்கிலத்தில் நழுவிவிடக் கூடும்.

பள்ளிக் கடிதத்தில் ஒரு தொகையும் அமைச்சகப் படிவத்தில் அதைவிடக் குறைந்த தொகையும் இருந்தால், படிவத்தில் உள்ளதே உங்கள் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "அது வெறும் நடைமுறைக்காக, மீதியைக் கையில் தருவோம்" என்ற பதிலை ஏற்கவே ஏற்காதீர்கள். அமீரகத்தில் சம்பளம் ஊதியப் பாதுகாப்பு முறை வழியாக வங்கிக்கு வருகிறது. அமைச்சகம் கண்காணிப்பது பதிவான தொகையைத்தான்.

"முதலில் சுற்றுலா விசாவில் வாருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று சொன்னால், வேலை அனுமதி வராமல் வகுப்பறைக்குள் கால் வைக்கக் கூடாது. சுற்றுலா விசாவில் வேலை செய்வது சட்டவிரோதம். அந்தக் காலத்துக்குச் சம்பளம் தராமல் போனால், வேலை செய்தீர்கள் என்று நிறுவுவதே உங்களுக்குப் பெரும்பாடாகிவிடும்.

நான்காம் படி: சம்பளத்தைப் பிரித்துப் பாருங்கள்

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு பள்ளிகள் மாதம் 5,500 திர்ஹாம் தருவதாகச் சொல்கின்றன. முதல் பள்ளியில் அடிப்படைச் சம்பளம் 2,500, வீட்டுப்படி 2,000, பயணப்படி 1,000. இரண்டாம் பள்ளியில் அடிப்படைச் சம்பளம் 4,000, மீதி படிகள். மாதா மாதம் வங்கியில் விழும் தொகை ஒன்றுதான். ஆனால் பணி முடியும்போது தரப்படும் பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தின் மீதே கணக்கிடப்படுகிறது: ஓராண்டு முடித்தவருக்கு, முதல் ஐந்து ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு 21 நாள் சம்பளம், அதன் பிறகு ஆண்டொன்றுக்கு 30 நாள் சம்பளம். ஆகவே முதல் பள்ளியில் ஆண்டுக்கு 1,750 திர்ஹாமும் இரண்டாம் பள்ளியில் 2,800 திர்ஹாமும் சேரும். ஐந்து ஆண்டு முடிவில் ஒருவர் 8,750 வாங்குவார், மற்றவர் 14,000 வாங்குவார். வெளிநாட்டு ஆசிரியருக்கு அங்கே வருங்கால வைப்புநிதியோ ஓய்வூதியமோ கிடையாது என்பதால், பணிக்கொடை ஒன்றே பள்ளி உங்களுக்காகச் சேர்த்து வைக்கும் பணம். அடிப்படைச் சம்பளத்தை உயர்த்தித் தருமாறு கேட்பது பேராசை ஆகாது. தயங்காமல் கேளுங்கள்.

கோடை விடுமுறைச் சம்பளம் பற்றி எழுத்தில் கேளுங்கள். ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் முழுச் சம்பளம் உண்டா, முதல் ஆண்டில் குறைத்துத் தருவார்களா, ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவருக்கு வேறு விதியா என்பவை பள்ளிக்குப் பள்ளி மாறுகின்றன. பன்னிரண்டு மாதச் சம்பளம் என்று நினைத்துப் போட்ட கணக்கு பத்து மாதமாகச் சுருங்கினால், கடன் கட்டுவதற்காகப் போனவருக்கு அந்த ஆண்டே குலைந்துவிடும். விமானச் சீட்டு ஆண்டுக்கு ஒருமுறையா, இரண்டாண்டுக்கு ஒருமுறையா, குடும்பத்தினருக்கும் சேர்த்தா என்பதையும், சீட்டாகத் தருவார்களா நிலையான தொகையாகத் தருவார்களா என்பதையும் கேளுங்கள். பள்ளிகள் மூடும் வாரத்தில் சென்னைக்கும் திருச்சிக்கும் கட்டணம் ஏறிவிடும்; நிலையான தொகை அதற்குப் போதாமல் போகலாம்.

மருத்துவக் காப்பீடு உங்களுக்குப் பள்ளியின் பொறுப்பு. துபாயில் கணவர், மனைவி, பிள்ளைகளுக்கான காப்பீட்டை, அவர்களுக்கு விசா எடுப்பவரே செலுத்த வேண்டும். பிள்ளைகள் அதே பள்ளியில் படித்தால் கட்டணச் சலுகை எவ்வளவு, எத்தனை பிள்ளைகளுக்கு, தகுதிகாண் காலத்திலேயே கிடைக்குமா என்பதையும் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். குடும்பத்தோடு போகிறவருக்கு, சம்பளத்தில் ஐந்நூறு திர்ஹாம் கூடுவதைவிட இந்தச் சலுகை பெரிதாக இருக்கக் கூடும்.

கணவரின் விசாவில் ஏற்கெனவே அங்கே இருக்கும் ஆசிரியைகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வீடும் விமானச் சீட்டும் தர வேண்டியதில்லை என்ற எண்ணத்தில், இவர்களுக்குக் குறைந்த சம்பளத்தை முன்வைக்கும் பள்ளிகள் உண்டு. கணவரின் விசாவில் இருந்தாலும் பள்ளி உங்களுக்கு வேலை அனுமதி எடுத்தாக வேண்டும். பணிக்கொடை, விடுப்பு, 60 நாள் மகப்பேறு விடுப்பு ஆகியவை உங்களுக்கும் அதே சட்டப்படி உரியவை. அந்த 60 நாளில் 45 நாளுக்கு முழுச் சம்பளமும் 15 நாளுக்குப் பாதிச் சம்பளமும் உண்டு. அனுமதி எடுக்காமல் "உதவி ஆசிரியை" என்று சில மாதம் வேலை வாங்கிப் பார்ப்பதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

ஐந்தாம் படி: செலவை அங்குள்ள விலையில் போடுங்கள்

திர்ஹாம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்ற நிலையான மதிப்பில் நிற்கிறது. சம்பளத்துக்கு அங்கே வருமான வரி இல்லை. இவை இரண்டும் உண்மையான நன்மைகள். ஆனால் சேமிப்பைத் தீர்மானிப்பது வீட்டு வாடகைதான். பேயுட், துபிசில் போன்ற தளங்களில் பள்ளி இருக்கும் பகுதியின் இன்றைய வாடகையை நீங்களே பாருங்கள். துபாயில் ஆண்டு வாடகையைச் சில பின்தேதியிட்ட காசோலைகளாகக் கேட்பது வழக்கம். முன்பணம், தரகு, மின்சார-தண்ணீர் வாரியத்துக்கான வைப்புத்தொகை ஆகியவற்றுக்கு முதல் சம்பளம் வரும் முன்பே பணம் வேண்டும். ஆண்டு வாடகையில் 5 விழுக்காடு நகராட்சிக் கட்டணமாக மாதா மாதம் மின்கட்டணத்தோடு சேரும். வாடகை குறைவு என்று ஷார்ஜாவில் தங்கி துபாய்ப் பள்ளிக்குப் போகிறவர்கள் ஏராளம்; காலை நேர நெரிசலில் அந்தப் பயணம் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதை அங்கே வேலை பார்க்கும் ஒருவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பள்ளியே தங்குமிடம் தந்தால், தனி அறையா, எத்தனை பேருக்கு ஒரு குளியலறை, சமையலறை உண்டா என்று கேட்டு, படம் அனுப்பச் சொல்லுங்கள்.

குடும்பத்தை அழைத்துக்கொள்ள மாதச் சம்பளம் குறைந்தது 4,000 திர்ஹாம் வேண்டும். பள்ளி தங்குமிடம் தந்தால் 3,000 போதும். தகுதி இருப்பதாலேயே அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்திவிட முடியும் என்று நினைக்க வேண்டாம். தனியாகச் சிக்கனமாக வாழ்ந்தால் மிச்சமாகும் சம்பளம், கணவன் மனைவி இருவரில் ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் நான்கு பேர் குடும்பத்துக்குப் பற்றாக்குறையாகிவிடும்.

வீட்டில் டியூஷன் எடுத்துச் சமாளிக்கலாம் என்ற திட்டம் இருந்தால், 2023 டிசம்பரில் வந்த தனிப்பயிற்சி அனுமதியைப் பெற்றாக வேண்டும். அனுமதி இலவசம், இரண்டாண்டு செல்லும். அது இல்லாமல் எடுத்தால் அபராதம். பள்ளியின் ஒப்பந்தம் டியூஷனைத் தடுக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஆறாம் படி: பணிச்சுமையைக் கேளுங்கள்

வாரத்துக்கு எத்தனை பாடவேளை, வகுப்பில் எத்தனை மாணவர், வராத ஆசிரியருக்குப் பதிலாக எடுக்கும் பாடவேளைகள் எத்தனை, பேருந்து மேற்பார்வை யாருக்கு, மாணவர் போன பிறகு எத்தனை மணிவரை இருக்க வேண்டும் என்று நேர்காணலின் முடிவில் மரியாதையோடு கேளுங்கள். 2022 ஜனவரி முதல் அமீரகத்தில் சனி, ஞாயிறு விடுமுறை, வெள்ளி அரை நாள். ஷார்ஜாவில் வெள்ளியும் சேர்ந்து மூன்று நாள் விடுமுறை. நான்கு நாள் வாரம் என்றால் ஒவ்வொரு நாளும் நீளும் என்பதை மறந்துவிடக் கூடாது. அந்தப் பள்ளியில் வேலை பார்த்து வெளியேறிய ஒருவரோடு பேச முடிந்தால் மற்ற எல்லாத் தகவலையும்விட அது பயன் தரும்.

ஏழாம் படி: வெளியேறும் வாசலை முன்பே பாருங்கள்

தகுதிகாண் காலம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. அதற்குள் பள்ளி உங்களை நீக்க வேண்டுமானால் 14 நாள் எழுத்துப்பூர்வ முன்னறிவிப்பு தர வேண்டும். நீங்கள் நாடு திரும்ப விரும்பினாலும் 14 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். அமீரகத்திலேயே வேறு பள்ளிக்கு மாற விரும்பினால் ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும், அப்போது ஆளெடுப்புச் செலவை ஈடுசெய்வது புதிய பள்ளியின் கடமை. சொல்லாமல் விமானம் ஏறியவருக்கு ஓராண்டு வேலை அனுமதி மறுக்கப்படலாம். தகுதிகாண் காலம் முடிந்த பின் முன்னறிவிப்பு 30 நாள் முதல் 90 நாள்வரை. உங்கள் ஒப்பந்தத்தில் எத்தனை நாள் என்று பாருங்கள். ஒப்பந்தம் முடிந்து 14 நாளுக்குள் எல்லா நிலுவையையும் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உங்கள் கடவுச்சீட்டைப் பள்ளி வாங்கி வைத்துக்கொள்ள உரிமை இல்லை.

"இரண்டாண்டுக்குள் விலகினால் விசாச் செலவைத் திருப்பித் தர வேண்டும்" என்ற வரி பள்ளிக் கடிதங்களில் அவ்வப்போது தென்படுகிறது. ஆளெடுப்புச் செலவு வேலை கொடுப்பவருடையது என்னும் சட்டத்தோடு அது மோதுகிறது. அந்த வரியை நீக்கச் சொல்லிக் கேளுங்கள். பள்ளி தரும் பதில் அதன் குணத்தையும் உங்களுக்குக் காட்டிவிடும்.

எட்டாம் படி: இங்கே எதை விட்டுப் போகிறீர்கள்?

இந்தியாவில் தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் பணிக்கொடை உண்டு. 2009ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் 1997 ஏப்ரல் முதல் அந்த உரிமையை அளித்தது. உச்ச நீதிமன்றமும் 2022இல் அதை உறுதி செய்தது. நிரந்தரப் பணியில் ஐந்தாண்டு முடிய இன்னும் சில மாதங்களே இருந்தால், ஏப்ரல் அழைப்பை விட்டுவிட்டு ஆகஸ்ட் அழைப்புக்குக் காத்திருப்பதில் பொருள் உண்டு. வரியிலும் கிளம்பும் தேதி முக்கியம். வேலைக்காக வெளிநாடு செல்லும் இந்தியக் குடிமகன், அந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால்தான் அந்த ஆண்டு வெளிநாடுவாழ் இந்தியராகக் கருதப்படுவார். ஜனவரியில் கிளம்புகிறவர் அந்த நிதியாண்டில் இந்தியாவில் வசிப்பவரே. மார்ச் வரை அங்கே வாங்கும் சம்பளத்தை இங்குள்ள வருமானக் கணக்கில் காட்ட வேண்டும்.

ஒன்பதாம் படி: சான்றிதழும் பெயரும்

பட்டச் சான்றிதழும் பி.எட். சான்றிதழும் மாநில உயர்கல்வித் துறை, மத்திய வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்ற வரிசையில் சான்றொப்பம் பெற்று, கடைசியாக அமீரக வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையையும் பெற வேண்டும். ஓமனிலும் பஹ்ரைனிலும் ஏற்கப்படும் அப்போஸ்டில் என்னும் பன்னாட்டுச் சான்றொப்ப முத்திரை மட்டும் அமீரகத்துக்குப் போதாது. வேலைகளை வாரக்கணக்கில் இழுக்கும் நடைமுறை இது. செலவு யாருடையது என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். எடுக்கப்போகும் பாடமும் பட்டத்தின் பாடமும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துத்தான் ஆணையம் நியமனத்துக்கு ஒப்புதல் தரும் என்பதால், இயற்பியல் படித்தவரை கணிதத்துக்கு அழைக்கும் பள்ளியிடம் ஒப்புதல் கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள்.

நம்மவர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று பெயரில் இருக்கிறது. சான்றிதழில் முன்னெழுத்து, கடவுச்சீட்டில் அதன் விரிவு, சிலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டமே காலி. கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு 2022 நவம்பர் முதல் அமீரகம் கட்டுப்பாடு விதித்துள்ளது. வேலை தேடத் தொடங்கும்போதே கடவுச்சீட்டைத் திருத்திவிடுங்கள்.

அங்கே போனதும் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் எச்.ஐ.வி.யும் காசநோயும் பார்க்கப்படும். எப்போதாவது காசநோய்க்கு மருந்து சாப்பிட்டவர்கள் இங்கேயே மார்பு ஊடுகதிர்ப் படம் எடுத்து, நுரையீரல் மருத்துவரிடம் காட்டிவிட்டு அடுத்த அடி வைக்க வேண்டும்.

பத்தாம் படி: பதவி விலகும் வரிசை

முதலில் அமைச்சகப் படிவம் வர வேண்டும், அதிலுள்ள பரிவர்த்தனை எண்ணை அமைச்சகத் தளத்தில் சரிபார்க்க வேண்டும், பிறகு கையெழுத்து, பிறகு நுழைவு அனுமதி. அனுமதி கையில் வந்த பிறகே இங்குள்ள பள்ளிக்கு விலகல் கடிதம் கொடுங்கள். "திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும், இன்றே விலகிவிடுங்கள்" என்று அவசரப்படுத்தும் பள்ளியிடம், உங்கள் முன்னறிவிப்புக் காலத்தைச் சொல்லி அவகாசம் கேளுங்கள். நல்ல பள்ளி அவகாசம் தரும், ஏனென்றால் நாளை தன்னிடமும் ஆசிரியர் அப்படித்தான் விலக வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது.

அனுபவச் சான்று, விலகல் ஏற்புக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு ஆகியவற்றை வாங்கிக்கொண்டு, கையெழுத்திட்ட எல்லாத் தாள்களின் நகலையும் வீட்டில் நம்பிக்கையானவரிடம் கொடுத்து வையுங்கள். சேர்ந்த பிறகு பதிவான ஒப்பந்தத்தைப் பதிவிறக்கி, படிவத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். வேலையிழப்புக் காப்பீட்டில் சேருங்கள். அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹாம்வரை உள்ளவர்களுக்கு மாதம் 5 திர்ஹாமும் வரியும்தான், சேராவிட்டால் அபராதம் உண்டு. தொகையிலோ பதவியிலோ வேறுபாடு தெரிந்தால் முதல் மாதத்திலேயே பள்ளிக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் மனிதவள அமைச்சகத்தில் புகார் செய்யலாம். வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களின் குறைகளைக் கேட்கும் இந்திய அரசின் "மதத்" (MADAD) தளத்திலும், துபாயில் உள்ள பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா என்னும் இந்தியர் உதவி மையத்திலும் உதவி கேட்கலாம்.